ஒன்பதாம் பக்கம்

"ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் ஜெயா? ஒரே ஒரு நிமிஷம்!"

சமையலறை வாசலில் நின்று முத்துராமன் கத்தினான். ஜெயபாரதி தோசையைத் திருப்பிப் போட்டாள். அபுதாபியின் முசஃபாவில் உள்ள அந்த நாலாவது மாடி ஃபிளாட்டில் மூன்று நாளாக இதே பேச்சுதான்.

முத்துராமனின் தம்பி விஷால் கனடாவில் கஞ்சாச் செடியிலிருந்து மருந்து எண்ணெய் எடுக்கும் கம்பெனி நடத்துகிறான். அங்கே அது சட்டப்படியான தொழில். இங்கேயோ அந்தச் சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'தம்பியோட மருந்துக் கம்பெனி' என்பதோடு சரி. புதிய ஆலை கட்ட மூலதனம் திரட்டுவதற்காகக் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகிறான். பங்கு வாங்கப் போகிறவர்களுக்கான விளக்கப் புத்தகத்தைத் திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டும். அதில் அண்ணன் மகள் சம்யுக்தாவின் படம் இருந்தது. பதினாறு வயதுப் பெண் என்பதால் அப்பா, அம்மா இருவருமே சம்மதக் கடிதம் தரவேண்டும் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். முத்துராமன் அன்றே கையெழுத்திட்டு அனுப்பினான். ஜெயபாரதி போடவில்லை. அதற்காகவே விஷால் இன்று விடியற்காலையில் வந்து இறங்கியிருந்தான்.

"பொறாமைடா, வேற என்ன?" என்றாள் பானுமதி. முத்துராமனின் அக்கா; விசிட் விசாவில் திருச்சியிலிருந்து வந்திருப்பவள். "புருஷன் இன்னும் ஒர்க்‌ஷாப்ல வெயில்ல நிக்கிறான், கொழுந்தன் முதலாளி ஆயிட்டானேன்னு வயித்தெரிச்சல்!"

"அப்படியே வெச்சுக்கங்க அக்கா..." என்றாள் ஜெயபாரதி. வாதாட அவளிடம் தெம்பில்லை.

ஒன்பதாம் பக்கத்தைப் படியுங்கள் என்று கணவனிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. "முந்நூறு பக்கத்தை யாரு படிக்கிறது? என் தம்பி எழுதினது தப்பாவா இருக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் அவன் டியூட்டிக்குக் கிளம்பிப் போனான். அதற்கு மேல் உரக்கப் பேச அவளால் முடியவில்லை. பக்கத்து அறையில் மகள் இருந்தாள். அவளுக்கிருந்த வலிப்பு நோய் பள்ளிக்கூடத்தில் யாருக்குமே தெரியாது. அது அச்சாகப் போகிறது என்று அவள் காதில் விழ வேண்டாமே!

விஷால் சமையலறைக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, வேலையில்லாம ரெண்டு வருஷம் உங்க கையாலதான் சாப்பிட்டேன். லிஃப்ட் ஓடாத அன்னிக்குப் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு மாடி இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான்தானே? எம்மேல என்ன கோபம் உங்களுக்கு?"

உண்மைதான். அவள் எதையும் மறக்கவில்லை. மகளுக்காக டீச்சர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த அந்த வருஷங்களில், அவளோடு சேர்ந்து அழுதவன் இவன் ஒருவன்தான்.

"கோபமெல்லாம் இல்ல விஷால்..."

"அப்புறம் என்ன? முதலீடு பண்றவங்க முதல்ல கதையைத்தான் கேக்குறாங்க அண்ணி. பாப்பா கதை இல்லேன்னா நாங்களும் நூத்தோட நூத்தொண்ணுதான்!"

"என்ன கதை சித்தப்பா?"

எல்லோரும் திரும்பினார்கள். சம்யுக்தா கையில் முத்துராமனின் ஐபேடு இருந்தது.

"அப்பா மூடாமலே வெச்சிருந்தாங்க. படிச்சுட்டேன்." ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். "என் அண்ணன் மகளுக்கு ஆறு வயசுல வலிப்பு வந்துச்சு. எந்த மருந்துக்கும் அடங்கலை. எங்க எண்ணெய்தான் அவளைக் காப்பாத்துச்சு..." நிமிர்ந்தாள். "சித்தப்பா, நான் எப்போ அந்த எண்ணெயைக் குடிச்சேன்?"

அடுப்பில் தோசை தீய்ந்தது.

"என்னடா இது?" என்றான் முத்துராமன். முகம் வெளிறிப் போயிருந்தது. "அதுல ஒரு சொட்டு இந்த வீட்டுக்குள்ள வந்ததில்லையேடா! வந்திருந்தா நான் இன்னிக்கு ஜெயில்ல இருந்திருப்பேன்!"

ஜெயபாரதி அடுப்பை அணைத்தாள்.

"டாக்டர் ஆமிரா குடுத்த மாத்திரை விஷால்... அஞ்சு வருஷம் அளவைக் கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சு... ஒரு வேளை தவறாம குடுத்தேன். என் பொண்ணு பொழைச்சது அப்படித்தான். இதைப் படிச்சிட்டு எங்கேயோ ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திட்டு உன் எண்ணெயை மட்டும் குடுத்தா...? அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும்? அதுக்கா நான் கையெழுத்துப் போடணும்?"

விஷால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாப்பாவுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு முதல் மீட்டிங்ல சொன்னேன் அண்ணி. அது சத்தியம். அடுத்த மீட்டிங்ல ஒருத்தர், அவ இப்போ எப்படி இருக்கான்னு கேட்டார். நல்லா இருக்கான்னேன். எங்க எண்ணெயாலதான்னு அவங்களே முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க... நான் இல்லேன்னு சொல்லலை. அப்புறம் சொல்லிச் சொல்லி... எனக்கே நிஜமாயிடுச்சு!"

அழுகையினூடே போனை எடுத்து வக்கீலை அழைத்தான். அந்தப் பக்கத்தை நீக்கினால் மொத்தப் புத்தகத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், பங்கு வெளியீடு மாதக்கணக்கில் தள்ளிப்போகும், வாங்குகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் நழுவிவிடலாம் என்றார் அவர்.

"தள்ளிப் போகட்டும். அது பொய். எடுத்துடுங்க" என்றான் விஷால்.

பானுமதி ஓடிவந்து ஜெயபாரதியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே... பாவி! ஏன்டி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"படிக்கச் சொன்னேன் அக்கா."

முத்துராமன் தலையைக் குனிந்துகொண்டான். "ஜெயா... என்னை..."

"கோபம் இல்லீங்க. களைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

சம்யுக்தா வந்து அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். "எனக்கு இருந்ததை யாருகிட்டயாவது சொல்லணும்னா நானே சொல்லிக்கிறேன்மா. எனக்கு ஒண்ணும் பயம் இல்ல."

மூன்று நாளாக வராத அழுகை ஜெயபாரதிக்கு அப்போதுதான் வந்தது. மகளை இறுகக் கட்டிக்கொண்டு, அது ஓயும்வரை அழுதாள்.

அன்று மதியச் சமையலைப் பானுமதி செய்தாள். முத்துராமன் இரண்டு முறை அறைக் கதவு வரை வந்து, எழுப்ப மனமில்லாமல் திரும்பிப் போனான். ஜெயபாரதி மாலை ஐந்து மணிவரை தூங்கினாள்.