பன்னிரண்டாவது பாட்டு

அப்சலாம் ரேமி யாருடைய வாசலுக்கும் உதவி கேட்டுப் போனவர் அல்லர். எழுபத்துநான்கு வயதில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஜூலை வெயிலில் நாலு மைல் மலைப்பாதை நடந்து அவர் ஹோபார்ட் கைசரின் வீட்டுக்கு வந்ததே ஒரு செய்திதான். அங்கே மோர் குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் க்ளெல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உக்காருங்க, பிரசங்கியாரே," என்றார் கைசர். இருபது வருடம் ஷெரீப்பாக, அந்த வட்டாரத்துக் காவல் அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தேனீ வளர்க்கிறார்.

"நிக்கிறேன். என் தம்பி லான்சோ செத்து மூணு மாசம் ஆகுது."

"தெரியும் ஐயா. நல்ல பாட்டுக்காரரு."

"அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல."

சொன்னது பெருமையாகத்தான். ரேமி குடும்பத்தில் கிராமபோன் நுழைந்ததில்லை. அந்த வர்ஜீனிய மலையிலிருந்து முதன்முதலில் ரயிலேறி, பிரிஸ்டல் நகரத்தில் ஒரு தொப்பிக் கடையின் மாடியில் இசைத்தட்டுக்கான மெழுகில் பதியப் பாடியவன் லான்சோ. மூன்று வருடத்தில் பன்னிரண்டு பாட்டுகள். ரயில் கவிழ்ந்த பாட்டு, கைவிடப்பட்ட பெண்ணின் பாட்டு, குடிகாரன் புலம்பல். டெக்சாஸ்வரை விற்றன என்பார்கள். பிறகு பஞ்ச காலம் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனி கூப்பிடுவதை நிறுத்தியது. மர அறுவை ஆலையில் கூலியாகச் சேர்ந்தவன் சாகும்வரை பிடிலைத் தொடவில்லை.

அப்சலாம் ஒரு கடிதத்தை நீட்டினார். அந்தக் காலத்தில் பிரிஸ்டலில் பதிவு இயந்திரத்தை ஓட்டியவர், சாவுச் செய்தி கேட்டு எழுதியது. க்ளெல் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

"'பன்னிரண்டாவது பாட்டில் கேட்பது உங்கள் தம்பியின் குரல் அல்ல. அன்று கூட வந்தவர்தான் பாடினார். தொப்பியை முகத்துக்கு இறக்கியிருந்தார். பெயர் சொல்லவில்லை. தொண்டை இளகட்டும் என்று நாங்கள் நீட்டிய விஸ்கியையும் தொடவில்லை.'"

"அந்த ஒரு பாட்டுக்காகத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால அவன சபைய விட்டுத் தள்ளினோம்," என்றார் அப்சலாம். "மத்தத வாலிபக் கூத்துன்னு பொறுத்துக்கிட்டோம். இது பக்திப் பாட்டு. கடவுள் பாட்ட பிடிலோட பாடினா எங்க சபை பொறுக்காது. வர்ற சனிக்கிழமை, நினைவுக் கூட்டத்துல வாசிக்க வேண்டிய பேருங்கள முடிவு பண்றோம். அவன் பேர சேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எங்க வீட்டுப் பேர எவனோ திருடியிருந்தா, அதுவும் தெரியணும்."

"கார்னெட் வேலைதான்," என்று க்ளெல் துள்ளினார். "பாஞ்சோவ தூக்கிக்கிட்டு லான்சோ பின்னாடியே திரிஞ்சவன். இப்ப ஒஹாயோவுல இருக்கான்."

"விஸ்கிய வேண்டாம்னு சொன்ன கார்னெட்ட நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா?" என்றார் கைசர்.

க்ளெல் மோரை எடுத்துக்கொண்டார்.

"தள்ளின அன்னிக்கு உங்க தம்பி என்ன சொன்னாரு, ஐயா?"

"ஒண்ணுமே சொல்லல. மன்னிப்புக் கேட்டா சேத்துக்குறோம்னு சொன்னோம். கல்லு மாதிரி நின்னான். தள்ளலாம்னு முதல் கை தூக்கினது நான்." அப்சலாமின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "அப்பா முதல் பெஞ்சுல தொப்பியப் பாத்துக்கிட்டு இருந்தார். கை தூக்கல. பெத்த மனசு. அன்னையிலேர்ந்து தொண்டை போச்சுன்னு அடி எடுத்துக் குடுக்கறதையும் விட்டுட்டார். அந்த வேலை எனக்கு வந்துச்சு. அடுத்த குளிர்ல அப்பாவும் போயிட்டார்."

அந்த மலைச் சபைகளில் பாட்டுப் புத்தகம் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஒருவர் ஓரடியை எடுத்துக் கொடுத்து நிறுத்துவார். சபை முழுவதும் அதை இழுத்துப் பாடும். பிறகு அடுத்த அடி. அப்சலாமின் அப்பா எஸ்ரா ரேமி ஐம்பது வருடம் அந்த வேலையைச் செய்தவர். சபையைக் கட்டியவரும் அவரே.

"கடைசியா ஒண்ணு. அந்தத் தட்ட உங்க சபையில யாராவது கேட்டீங்களா?"

"கேக்கறதா? கடைப் பட்டியல்ல பாட்டோட பேரும் பிடிலும் லான்சோ பேரும் அச்சாகி இருந்துச்சு. அது போதாதா? அந்தப் பொட்டிய கேக்குறதே பாவம்."

கைசர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மேசைமேல் க்ளெலின் கிராமபோன் இருந்தது. இந்தத் தடவை அப்சலாம் உட்கார்ந்தார்.

"முதல்ல பதினோராவது பாட்டு," என்றார் கைசர். கரகரப்புக்கு நடுவே ஓர் இளங்குரல் எழுந்து தடங்கலின்றி ஓடி முடிந்தது. தம்பியின் குரலைப் பதினெட்டு வருடம் கழித்துக் கேட்ட அப்சலாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிடில் வில்லு நிக்கிற எடத்துல கிலுகிலுன்னு ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா?"

"பிடிலுக்குள்ள பாம்போட கிலுகிலுப்பை போட்டு வச்சிருப்பான். இந்த மலை விரியனுக்கு வால் நுனியில ஆடுமே, அது. எலி அண்டாதுன்னு."

"பன்னிரண்டாவதுலயும் அதே சத்தம் இருக்கு. அப்ப பிடில் வாசிச்சது லான்சோதான். யாரும் அவர் பேரத் திருடல. அவர் கண்ணு முன்னாலதான் நடந்திருக்கு."

"நானும் சளி புடிச்ச குரலுன்னுதான் இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் க்ளெல்.

"பாடினவரு யாருன்னு பாப்போம். பதினோரு பாட்டுலயும் லான்சோ மூச்சு விடாம ஓடுறாரு. ஏன்னா, மூணு நிமிஷத்துல மெழுகு தீந்துரும். இதுல பாடினவரு ஒவ்வொரு அடி முடிஞ்சதும் நிறுத்துறாரு. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். அதனாலேயே பாட்டு பாதியில அறுந்துபோகுது. அந்த மாடியில சபை ஏது? ஆனா அவருக்கு நிறுத்தித்தான் பழக்கம். மத்தவங்க இழுத்துப் பாடட்டும்னு காத்திருக்காரு." கைசர் நிதானமாகத் தொடர்ந்தார். "அடி எடுத்துக் குடுத்தே பழகினவரு. விஸ்கியத் தொடாதவரு. அன்னிக்கு உங்க சபையில அப்படி எத்தனை பேரு இருந்தாங்க?"

"ரெண்டு பேரு." அப்சலாமின் குரல் தாழ்ந்தது. "அப்பா. அவர் இல்லாதப்ப நான்."

"நீங்க பிரிஸ்டலுக்குப் போனீங்களா?"

அப்சலாம் தலையை அசைத்து மறுத்தார். கைசர் பன்னிரண்டாவது பாட்டின்மேல் ஊசியை வைத்தார்.

ஒரே அடிதான் தேவைப்பட்டது. *வீட்டு விளக்கு தெரியுது, வழிதான் தெரியல்லே.* புதைகுழி ஓரங்களில் ஐம்பது வருடம் கேட்ட குரல். குரல் நின்றது. அந்த இடைவெளியில், பதில் சொல்ல வேண்டிய சபை முழுவதற்குமாக, பிடில் ஒன்று மட்டும் அந்த அடியை இழுத்து வாசித்தது.

க்ளெல் தட்டை நிறுத்தக் கை நீட்டினார்.

"வேண்டாம்," என்றார் அப்சலாம். "ஓடட்டும்."

பாட்டு பாதியில் அறுந்தது. கைசர் ஒரு தாளைப் பிரித்தார். "அந்த இயந்திரக்காரருக்கு எழுதிக் கேட்டேன். வந்தவர் கிழவர்தானாம். ஒப்பந்தம் லான்சோ பேர்ல இருந்ததால அந்தப் பேரப் போட்டாங்களாம். படியிறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: 'நான் செத்த பிறகும் இது பாடுமா?'"

அப்சலாம் நின்றுபோன தட்டை ஒரு விரலால் தொட்டார்.

"அன்னிக்கு ஒருத்தர் கேட்டிருந்தா போதும்," என்றார் அப்சலாம். "ஒரே ஒருத்தர் அந்தப் பொட்டிய ஓட விட்டிருந்தா போதும். கேக்குறது பாவம்னு, கேக்காமலே தீர்ப்புச் சொன்னோம். ரெண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தன் வாய மூடிக்கிட்டு நின்னான். இன்னொருத்தர் தொப்பியப் பாத்துக்கிட்டு இருந்தார்."

க்ளெலுக்கு மனம் கேட்கவில்லை. "பிரசங்கியாரே, கார்னெட்டுன்னு சொல்லிருங்க. அவன் திரும்பி வரப்போறதில்ல. லான்சோ பேரும் சுத்தமாகும், பெரியவர் பேரும் தப்பும். ஊரே நம்பும்."

கைசர் க்ளெலைத் தடுக்கவில்லை. அப்சலாமையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் எழுந்து, பொத்தானைச் சரிபார்த்து, தொப்பியை எடுத்தார். பிறகு அதைக் கையில் பிடித்தபடி, போட மறந்தவராக, வெயிலில் இறங்கி நடந்தார்.

சனிக்கிழமை சபை கூடியது. பெயர்கள் வாசித்து முடிந்ததும் அப்சலாம் மேடையிலிருந்து இறங்கி, லான்சோ அன்று நின்ற இடத்தில் நின்றார்.

"இன்னும் ஒரு பேரு இருக்கு. என் தம்பி லான்சோ. அவன தள்ளினது தப்பு. அந்தப் பாட்ட அவன் பாடல."

"அப்ப பாடினது யாரு, சகோதரா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

முதல் பெஞ்சில் எஸ்ரா ரேமியின் இடத்தில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. அப்சலாம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் காத்த பெயர் அது.

"எங்க அப்பா," என்றார்.

பெஞ்சுகளில் தலைகள் அந்த வெற்றிடத்தின் பக்கம் திரும்பின.

"லான்சோவத் திருப்பிச் சேத்துக்கலாம்னு நெனக்கிறவங்க கை தூக்குங்க."

முதல் கை அவருடையது. பதினெட்டு வருடத்துக்கு முன் முதலில் உயர்ந்த அதே வலக்கை. மற்றவர்கள் யோசித்து முடிக்கும்வரை, அவர் அதை இறக்காமல் நின்றார்.