காதைப் பார்க்கிறவர்கள்

மார்ச் 11, செவ்வாய்.

தவறு என்னுடையதுதான். வேலை தொடங்கும் முன் நிரப்பும் தாளில் ‘கண்ணாடி எண் சரியா?’ என்ற கட்டத்தில் மூன்று வாரமாகப் படிக்காமலே டிக் போட்டிருக்கிறேன்.

இன்று மாலை வகுப்பில் லேசர் வெல்டிங் பாடம். பழைய இயந்திரத்தின் ஒளி வேறு, புதியதன் ஒளி வேறு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. புதியதன் ஒளியைச் செம்புத் தகடு நம் பக்கமே திருப்பி அடிக்கும், அது பார்வையின் நடுவைச் சுட்டுவிடும் என்றார் ஆசிரியை. “கண்ணாடியில இருக்கிற நம்பர் மெஷின் நம்பரோட ஒத்துப்போகணும். இல்லேன்னா நீங்க மூக்குமேல ஜன்னல் மாட்டியிருக்கீங்க.” எல்லாரும் சிரித்தோம். பையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். எண் நழுவியது. சற்றுச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. 10600, பழைய இயந்திரத்தின் எண். தினமும் நான் துடைக்கும் புதிய இயந்திரத்தில் இருப்பது 1070.

அப்போதுதான் ஊசியக்காவை நினைத்தேன். முன்பு ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள் என்று வந்த பெயர். பக்கத்து மேசையில் வெல்டிங் செய்கிறாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசியதே இல்லை, காதைத்தான் பார்ப்பாள். தோடு பிடித்திருக்கிறதாக்கும் என்று நினைத்திருந்தேன். போன வாரம், குளிர்விப்பானின் ஓயாத முனகலுக்கும் சூடான செம்பின் வாடைக்கும் நடுவே குனிந்திருந்தபோது, அறையில் அல்ல, என் தலைக்குள்ளேயே ‘டப்’ என்று ஏதோ உடைந்தது. அவளிடம் சொன்னேன்.

“உனக்கும் கேட்டுச்சா? எல்லாருக்கும் ஒரு தடவை கேக்கும். வலிக்காது.”

வகுப்பு முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். ஷிப்ட் மாறும் நேரம். ஃபோர்மேனிடம் கண்ணாடியை நீட்டினேன்.

“படிப்பாளி வந்துட்டாங்கப்பா. புது மெஷினுக்கான பச்சைக் கண்ணாடி போட்டா வேலை இருட்டாத் தெரியும்மா, பீஸ் குறையும். நாளைக்கு எட்டு மணிக்குப் புதுசா ஒரு பொண்ணு வருது. இதையே குடுத்துப் பழக்கு.”

என் கண்ணுக்குள் நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தப் பட்டறையில் அப்படிப் பார்க்கிற ஒரே ஆள். அவர் சட்டைப்பையில் ஒரு கண்ணாடி எட்டிப் பார்த்தது.

பச்சை.

பயம் வரும் என்று நினைத்தேன். இல்லை. அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

உடை மாற்றும் அறைக்குள் போனேன். ஒன்பது பேர், எல்லாரும் முதுகு காட்டி நின்றார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, யாருக்காவது கண்ணுல…”

முடிக்கவில்லை. திரும்பினார்கள். ஒன்பது தலைகள். ஒரே பக்கச் சாய்வு. ஒன்பது பேரும் என் காதைப் பார்த்தார்கள்.

ஊசியக்கா மட்டும் பேசினாள். “இப்படிப் பாரு. கொஞ்ச நாள்ல பழகிடும்.”

ஓடி வந்துவிட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

வீட்டில் அம்மா தட்டு வைத்தாள்.

“என் காதுல என்னடி இருக்கு? வந்ததுலேருந்து அதையே பாக்குற.”

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேன். நேராகப் பார்த்தேன். கூந்தல் இருந்தது. இரண்டு காதுகளும் இருந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குழி. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

“சாப்பிடு.”

நாளை: ஏழு மணிக்கே போக வேண்டும். அந்தப் பெண் வருவதற்குள் இயந்திரச் சாவியை எடுத்து என்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில், அந்தக் கட்டத்தில், ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.