துப்பாக்கிக்கு ஒரு மூச்சு

"அய்யோ… இது துப்பாக்கியே இல்ல. பவர் பிரஸ்!"

சொன்னதோடு நிற்காமல் வாய்விட்டுச் சிரித்தும் விட்டாள் அபிதா.

காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது…

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த கேம் ஸ்டுடியோ. ஏழு பேர் மூன்று வருடம் உழைத்து உருவாக்கிய 'எஃகுக் கரை' அடுத்த மாதம் வெளிவருகிறது. கையில் வைத்து ஆடும் கன்சோலுக்கான துப்பாக்கி விளையாட்டு. வெளிவரும் முன்பே ஆடிப் பார்த்து முன்னோட்டம் எழுதுவதற்காக ஐந்து பேரை அழைத்திருந்தார்கள். அந்த ஐந்து பேரில் அபிதா இல்லை. அவளுடைய இணைய இதழில் வழக்கமாக கேம் பற்றி எழுதும் மெர்வினுக்கு அந்தப் புதன்கிழமை காலை கடும் காய்ச்சல்.

"நீ போயேன் அபி… உன் பேர்லயே எழுது," என்று ஆசிரியர் பியூலா போன் செய்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள். அவள் பெயரில் வரப்போகும் முதல் முன்னோட்டம்!

ஆட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே அவள் உலகத்தை மறந்திருந்தாள். துருப்பிடித்த ஆலைகள் நிற்கும் ஒரு கடற்கரை. அலைக்குள்ளிருந்து எட்டுக் கால்களோடு ஏறி வரும் இரும்புப் பூச்சிகள். உள்ளங்கை அகலத் திரைக்குள் மழை கொட்டியது. ஓடினாள், குதித்தாள், சுவரோரம் பதுங்கினாள். பூச்சி பாய்ந்த நொடியில் முதன்முதலாகத் துப்பாக்கிப் பொத்தானை அழுத்தினாள்…

டிக்… ம்ம்… டம்ம்!

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது.

"அட ஆமாங்க! தகரத்துல சுத்தியலால அடிச்ச மாதிரி கீது," என்றான், பக்கத்தில் தொப்பி அணிந்திருந்த யூடியூப்காரன். சிரிப்பு அறை முழுவதும் பரவியது.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மாநிறம். கலைந்த முடி. அந்தக் கண்கள்… கோபமாக முறைத்திருந்தால்கூட அபிதா தாங்கியிருப்பாள். அவை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தாழ்ந்துகொண்டன.

ஸ்டுடியோவின் தலைவர் சத்யநாராயணன் நெற்றியைத் தேய்த்தபடி அவன் பக்கம் திரும்பினார். "மதி, நான் அப்பவே சொன்னேன் இல்ல? வெளியில வாங்கின சவுண்ட் ரெடியா இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கேமோட ஃபைனல் பில்ட் கன்சோல் கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் எதையும் மாத்த முடியாது. யோசிச்சு சொல்லுப்பா… உன் முடிவுதான்."

"மாத்திடலாம் சார்," என்றான் அவன்.

அவ்வளவுதான். எட்டு எழுத்தில் ஏதோ ஒன்று முடிந்துபோன மாதிரி இருந்தது. நான் என்ன செய்துவிட்டேன்?

கீழே இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. வெளியே கால் வைக்க முடியவில்லை. பேக்கரியின் முகப்புக் கூரைக்கடியில் ஒதுங்கினாள். முன்னோட்டம் எழுதி முடிக்கும் வரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த கன்சோல் கைப்பையில் கனத்தது.

"அபிதகுஜாம்பாள்…"

யாரோ எழுத்துக் கூட்டிப் படிப்பது போல் ஒரு குரல். திரும்பினாள். அவன்தான்! அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அட்டையைத் திருப்பிக் குடுக்காம வந்துட்டீங்க. சத்யா சார் வாங்கியாரச் சொன்னாரு."

"சாரி… அபிதான்னு சொன்னா போதும்."

"நல்லவேளை. முழுசா கூப்புட்டு முடிக்கிறதுக்குள்ள மழையே நின்னுடும்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்று ஏற்கனவே ஒரு முறை சிரித்து வைத்தாயிற்றே…

அவன் இரண்டு டீ சொன்னான். ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, மழையைப் பார்த்தபடியே கேட்டான். "எந்த பிரஸ்னு சொல்லுங்க, பாக்கலாம்."

பரீட்சை வைக்கிறானா? அபிதாவுக்கு வீம்பு வந்தது.

"திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல இருக்கிற மாதிரி, இரும்புத் தகடு வெட்டுற பழைய மிஷின். பெடல் மிதிக்கிறது. ஐம்பது டன் இருக்கும்."

டீ கிளாஸ் அவன் உதட்டருகே அப்படியே நின்றது. "இன்னாது… டன்னு வரைக்குமா?"

"எங்கப்பா அங்க ஒரு பிரஸ் ஷாப்ல இருபத்தாறு வருஷம் வேலை பாத்தாரு. ஸ்கூல் லீவுல நான்தான் சாப்பாடு எடுத்துட்டுப் போவேன். பெடலை மிதிச்சதும் சின்னதா ஒரு 'டிக்'… அப்புறம் மிஷின் ஒரு மூச்சு இழுக்கும்… அப்புறம்தான் விழும்."

"மூச்சு…" என்று அவன் மெல்லத் திருப்பிச் சொன்னான். கண்களை மூடிக்கொண்டான். அடர்ந்த இமைகள். இந்த மழையை அவன் பார்க்கவில்லை, கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த மூச்சுக்குத்தாங்க எட்டு மாசம் பேஜாரானேன். பட்டாசு, கல்லு ஒடைக்கிற மிஷின், எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிப் பாத்துட்டேன். எல்லாம் சத்தமா கீது… பயமா இல்ல. எங்க வூடு கோவளத்துல. அம்மா மீன் விக்கிறவங்க. கரையில நின்னா, பெரிய அலை அடிக்கிறதுக்கு முன்னாடி காலுக்குக் கீழ மண்ணை ஒரு இழு இழுக்கும் பாருங்க… அப்பதான் பயமே. அடிச்சப்புறம் இன்னா பயம்? அதைத் தேடிக்கினே மைக்கோட பதினாறு கம்பெனி ஏறி எறங்கினேன். கடைசில ஒரு பிரஸ்லதான் கெடைச்சுது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் அது காதுல விழல." கண்களைத் திறந்து அவளைப் பார்த்தான். "உங்களுக்குத்தான் விழுந்துது. நீங்க சிரிச்சிட்டீங்க."

அபிதாவின் நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது.

"நான் வேணும்னு சிரிக்கல…"

"வேணும்னு சிரிச்சிருந்தா கண்டுக்க மாட்டேங்க. தானா வர்ற சிரிப்புதான் நெஜம். சிரிப்பு காட்டுற துப்பாக்கியை யாரு தூக்குவா? அதான் மாத்தச் சொல்லிட்டேன்."

மன்னிப்புக் கேள்… மாற்றாதே என்று சொல். உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். ஆனால் வெளியே இருந்தவளுக்கு ரோஷம். இத்தனை சொன்ன பிறகும் என்னைக் கேலிக்காரியாகத்தானே பார்க்கிறான்?

"உங்க இஷ்டம்," என்று அட்டையைக் கழற்றி அவன் கையில் திணித்துவிட்டு, கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் புதிய பில்ட் கன்சோலில் வந்து இறங்கியது. ஊரப்பாக்கம் வீட்டின் கூடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாள். அதே கடற்கரை, அதே பூச்சிகள். துப்பாக்கிப் பொத்தானை அழுத்தினாள். படார்! கனமான, பளபளப்பான, எந்த விளையாட்டிலும் கேட்கக்கூடிய சத்தம்.

பூச்சிகள் செத்து விழுந்தன. அவளுக்குள் எதுவும் அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா டிவியில் ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒலி அவருக்குத் தேவையில்லை. பிரஸ்கள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தன. அதனால் அந்தச் சத்தத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அபிதாவும் பேசியதில்லை. ஆனால்… எட்டு வயதில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மிஷினோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தவள் அவள். அது விழும்போது தானும் மூச்சை விட்டவள். அப்பாவின் காதை எடுத்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்று யாரிடம் சொல்ல முடியும்?

யாரிடமும் சொல்லாத அதை, யாரோ ஒருவன் அவனாகவே தேடிப் பிடித்து, அவள் காதுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அதற்குத்தான் சிரித்தாள். கேலியா அது? தெரியாத ஊரில் தன் தெருக்காரரைப் பார்த்துவிட்ட சந்தோஷம்!

எழுந்தேவிட்டாள். மணி இரண்டு. ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். பிஸி… மறுபடியும் பிஸி. மதியின் நம்பரை அவள் வாங்கவே இல்லை.

"எங்கம்மா, இந்த மழையில?" என்றார் அப்பா.

"ஒரு துப்பாக்கியைக் காப்பாத்தணும்ப்பா!" என்று அவர் முகத்துக்கு நேராக உதட்டை அசைத்துச் சொல்லிவிட்டு ஓடினாள். அவருக்கு என்ன புரிந்ததோ… குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். அதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

மின்சார ரயில் பெருங்களத்தூரில் சிக்னலுக்காக இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடத்தில் இருநூறு தடவை போனைப் பார்த்தாள். தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் ஓடி, ஆட்டோவில் ஏறினாள்.

"ரோட்டுல முட்டிக்கால் தண்ணி நிக்குதுக்கா. மெதுவாத்தான் போவும்."

"நாலு மணிக்குள்ள போயாகணும் அண்ணா, ப்ளீஸ்!"

"பரீட்சையா?"

"அதைவிடப் பெருசு!"

கடைசித் திருப்பத்தில் ஆட்டோ நின்றுவிட, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. சுடிதாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிரல் எழுதும் ஜோசலின் வாயில் வைத்த பப்ஸோடு திரும்பிப் பார்த்தாள். சத்யநாராயணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மதி ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"பழைய சத்தத்தையே போடுங்க," என்றாள் மூச்சு வாங்க.

"எதுக்கு? இன்னொரு தபா சிரிக்கவா?" என்றான் மதி.

"சந்தோஷத்துல சிரிச்சேங்க!"

"பாவம்னு சொல்ல வந்துகினு இருக்கீங்க. வேணாம்."

"பாவமா? இந்த மழையில ரயில் புடிச்சு, ஆட்டோ புடிச்சு, முழங்கால் தண்ணியில நடந்து வந்து பாவம் பாக்க எனக்கென்ன வேலைவெட்டி இல்லையா?" குரல் உடைந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். "எங்கப்பாவுக்கு இப்ப காது கேக்காது. அந்த பிரஸ்லதான் போச்சு. அதனால அது எனக்குப் பிடிச்ச சத்தம்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சின்ன வயசுல அந்த மூச்சு எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். புதன்கிழமை முதல் தடவையா… இன்னொருத்தருக்கும் கேட்டிருக்குன்னு தெரிஞ்சுது. சிரிக்காம என்ன பண்ணுவாங்க?"

மதியின் கண்கள் இந்த முறை தாழவில்லை. மழைத் தண்ணீர் வழியும் அவள் முகத்திலேயே நின்றன.

"புதுசு எப்படி கீது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சுடுது. அவ்வளவுதான். பயமே இல்ல."

அவன் ஜோசலினைப் பார்த்தான். "ஜோஸ்… பழைய ஃபைல்?"

"அழிக்கச் சொன்னே. நான் அழிக்கல. உன் மூஞ்சியைப் பாத்தா அழிக்கத் தோணலடா. மாத்த அஞ்சு நிமிஷம், பில்டுக்குப் பத்து."

"மணி மூணு முப்பதும்மா!" என்று அலறினார் சத்யநாராயணன். "ஏதாவது ஒண்ணு பண்ணுங்க, ஆனா இப்பவே பண்ணுங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை அபிதா மூச்சு விடாமல் பார்த்தாள். மதியின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. ஜோசலின் நொடிகளை எண்ணினாள். பில்ட் ஒரு முறை நின்று சிவப்பு காட்டியது. சத்யநாராயணன் கடவுளை எல்லாம் கூப்பிட்டார். மறுபடி ஓடியது. மூன்று ஐம்பத்து இரண்டு… அனுப்பு. திரையில் கோடு ஊர்ந்தது. எண்பது சதவீதம்… தொண்ணூறு… மின்விளக்கு ஒரு முறை சிமிட்ட, மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று ஐம்பத்தேழு. போய்ச் சேர்ந்தது.

"ஹே!" ஜோசலின் குதித்தாள். சத்யநாராயணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "மேடம், கடைசி நேரத்துல எங்களைக் காப்பாத்தினீங்க. உங்க முன்னோட்டத்துல இந்தச் சத்தத்தைப் பத்தி நாலு வரி நல்லா எழுதிடுங்க… என்ன?"

எழுதலாம். நாலு வரி என்ன, நாலு பக்கம் எழுதலாம். கேட்ட சத்தத்தைப் பற்றி, அதைத் தேடி அலைந்தவனைப் பற்றி, அவன் கண் மூடிக் கேட்ட மழையைப் பற்றி… அங்கேதான் அபிதா நின்றாள். அடடா. இது முன்னோட்டம் இல்லையே. என் பெயரில் வரும் முதல் கட்டுரை இப்படியா வரவேண்டும்?

போனை எடுத்தாள். பியூலா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அபி! எழுதிட்டியா? உன் பேரைப் பெருசா போட்டு வச்சிருக்கேன்."

"அக்கா… நான் எழுத முடியாது. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"ஏய், என்ன சொல்றே? ரெண்டு வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தே? கேம் நல்லா இல்லையா?"

"பிரமாதமா இருக்கு. அது இல்லக்கா…" மதி ஒரு அடி தள்ளி நின்றிருந்தான். ஓடிப்போகவும் வழியில்லை, குரலைத் தாழ்த்தவும் இடமில்லை. "இதுக்கு சவுண்ட் பண்ணவரை எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சவங்க வேலையைப் பத்தி நான் எழுதினா நியாயமா இருக்காது."

பியூலா குரலைத் தாழ்த்தினாள். "அது அவருக்குத் தெரியுமா?"

அபிதா மெல்ல நிமிர்ந்தாள். "இப்பத் தெரிஞ்சிடுச்சுக்கா."

ஜோசலின் பப்ஸைக் கீழே வைத்தாள். சத்யநாராயணன் திடீரென்று ஜன்னல் வழியாக கேம்ப் ரோட்டை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

மதி கையை நீட்டினான். போனை வாங்கினான். அவன் முகம் காது மடல் வரை சிவந்திருந்தது.

"அக்கா, வணக்கம்க்கா. நான் மதியழகன், சவுண்ட் பண்ற ஆளு. யாரை வேணா அனுப்புங்க, எப்டி வேணா எழுதட்டும், கீய்ச்சு தொங்க விடட்டும்… இவங்க மட்டும் வேணாம். எனக்கும் இவங்களைப் புடிச்சிகீது."

சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். விரல்கள் தொட்டன… இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை. இருவர் கைக்கும் நடுவில் போன் அப்படியே நிற்க, அதற்குள்ளிருந்து பியூலா, "ஹலோ… அபி? ஹலோ! யாராவது பேசுங்களேன்!" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.