அக்காவின் முகத்தில் ஐம்பது ஷாட்

“அக்கா மூஞ்சி மேலயே வெடியை வெச்சிருக்கீகளேப்பா!”

“கத்தாத தாயி. எல்லா லேபிள்லயும் எண்ணு போட்ட ஸ்டாரு நடுவுலதான் வரும்.”

“அக்கா குழுவுல இருக்கிற மூணு அண்ணன்களும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காக. அக்காவுக்கு மட்டும் கழுத்துக்கு மேல ‘50 ஷாட்’னு இருக்கு!”

அனுப்பிரியா லேபிளின் மாதிரித் தாளைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பதினோரு வயது. கோபத்தில் சைக்கிளை மிதித்து, திருத்தங்கல் அச்சகத்துக்கே வந்துவிட்டாள். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவள் அப்பா சங்கரபாண்டியன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது அவர் வேலை.

அக்கா மாரிச்செல்வி ‘கந்தகம்’ என்ற ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். அவர்களுடைய முதல் ஆல்பம் ‘முதல் திரி’யை மூன்றே மாதத்தில் பத்து லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தின் அட்டைப் படத்தைத் தீபாவளி சீசனுக்கு லேபிளாகப் போட ஒரு பட்டாசுக் கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது.

அன்று மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுதான் அப்பா மாதிரித் தாளைக் காட்டியிருந்தார். அக்கா பாதிச் சோற்றில் எழுந்து மாடிக்குப் போனாள். டிரம்ஸ் சத்தம் இடியாக இறங்கியது.

“வேணும்னா செஞ்சேன்? இருபது வருசமா கை தானா அங்கனதான் போகுது,” என்றார் அப்பா.

“அப்ப ஓரமா நகர்த்துங்க.”

“கடையில தூரத்துல இருந்து பார்த்தாலும் எத்தனை தடவை வெடிக்கும், எத்தனை ஷாட்டுனு தெரியணும். ஓரத்துல வெச்சா கம்பெனியில திருப்பி அனுப்பிருவாக. நாலு மணிக்கு இது அச்சுக்குப் போகணும்.”

“பாட்டுப் பாடுற அண்ணன் மேல வைங்க. அவரு எப்படியும் முடியால பாதி மூஞ்சியை மூடித்தான் வெச்சிருக்காரு.”

“அவனைப் பெத்தவுக பார்த்தா வருத்தப்பட மாட்டாகளா?”

“அக்காவைப் பெத்தவரு யாருப்பா?”

அப்பா கணினிப் பக்கம் திரும்பினார். ‘50 ஷாட்’ எழுதிய நட்சத்திரத்தைத் திரையிலிருந்து எடுத்தார்.

குளத்துக்குள் மூழ்கியிருந்தவள் சட்டென்று மேலே வந்ததுபோல அக்கா தெரிந்தாள். உதட்டைக் கடித்து, இரண்டு குச்சிகளையும் ஓங்கியிருந்தாள். அவளுக்குக் கீழே, படத்தின் நடுவில், பெரிய டிரம் வெள்ளை வட்டமாக நின்றது.

அனுப்பிரியா திரையைத் தட்டினாள். “இம்புட்டுப் பெரிய வட்டம் சும்மாதான கெடக்கு? இதுல எழுதுங்க. சத்தமே இங்கன இருந்துதான வருது!”

அப்பா ‘50 ஷாட்’ எழுத்தை டிரம்மின் மேல் வைத்தார். அளந்து தைத்ததுபோலப் பொருந்தியது. கம்பெனியில் பார்த்துவிட்டு, “இதான் எடுப்பா இருக்கு” என்றார்கள்.

சாயங்காலம் புதிய தாளோடு அப்பா மாடி ஏறினார். பின்னாலேயே அனுப்பிரியாவும் போனாள். அக்கா அடிப்பதை நிறுத்தித் தாளை வாங்கினாள்.

“இப்பவாச்சும் நான் தெரியுறேனே,” என்றாள். கோபம் பாதிதான் இறங்கியிருந்தது.

அப்பா போகாமல் நின்றார்.

“இன்னும் என்னப்பா?”

“ஊரே கேட்டிருச்சு. நான்தான் சத்தம் சத்தம்னு காதைப் பொத்திக்கிட்டே இருந்துட்டேன்.” அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “ஒரே ஒரு பாட்டு, முழுசா, எனக்கு அடிச்சுக் காட்டுறியா தாயி?”