உள்ளே மழை பெய்த கோட்டு

புது வீட்டுக்குக் குடி போனால் மற்றவர்கள் தண்ணீர் வருகிறதா, கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நான் முதலில் பரணைப் பார்ப்பேன். முன்பு இருந்தவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன எதையாவது வெட்டி, மடித்து, வேறொன்றாகத் தைத்துவிடாவிட்டால் எனக்குக் கை நிற்காது. பழைய ஜீன்ஸ் பாக்கெட்டுகளைச் சேர்த்துச் சுவரில் மாட்டும் பையாக்கியிருக்கிறேன். சிமெண்டுச் சாக்கில் சந்தைக்குப் போகிற பை தைத்திருக்கிறேன். கணவரின் பழைய டைகள் எல்லாம் எங்கள் வீட்டில் தலையணை உறைகளாகிவிட்டன. நாத்தனார் எனக்கு வைத்த பெயர் 'கந்தல் கடை'. கணவர் தங்கைக்கு ஒரு படி மேல்.

"நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் வெட்டி மெத்தை உறை தைச்சிடுவா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீடு தெருவின் கடைசியில் இருந்தது. முன்கதவைத் திறந்தால் நீளமான ஒரு நடை. அதன் இரண்டு பக்கமும் அறைகள். கதவுக்குப் பின்னால் சுவரில் கொக்கிகள் வரிசையாக அடித்திருந்தார்கள். எல்லாம் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரம். ஒன்று மட்டும் கீழே, என் இடுப்பளவில் இருந்தது. எங்கள் மகள் எலிக்குட்டிக்கு ஆறு வயது. வந்ததும் வராததுமாக ஓடிப்போய் அதில் தன் பையை மாட்டினாள். தனக்கென்றே யாரோ அடித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வெயில் காலம்தான், ஆனால் வீட்டுக்குள் ஈர வாசனை அடித்தது. வாசலுக்கு வெளியே, கேட்டை ஒட்டிச் சாக்கடை ஓடியது. அதன் மேல் கல் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். வாசனை அதிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பரணில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே குடைத்துணி. கரும்பச்சை நிறம், நல்ல கெட்டித் துணி. கோணல்மாணலாக வெட்டிய பெரிய துண்டுகள். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

மழைக்காலம் வந்தபோது எலிக்குட்டியின் பழைய ரெயின்கோட்டு அக்குளில் கிழிந்திருந்தது. சாக்கை இறக்கினேன்.

குடைத்துணி மற்ற துணி மாதிரி இல்லை. ஒரு தடவை ஊசி குத்திவிட்டால் அந்தத் துளை மூடாது. அதனால்தான் அதில் குண்டூசி போட மாட்டோம், கிளிப்தான். வெட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கம். ஒரு துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

வரிசையாக வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன.

யாரோ ஏற்கெனவே தைத்துப் பிரித்திருக்கிறார்கள். போனால் போகட்டும், தையல் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் தண்ணீர் இறங்காது. எலிக்குட்டியின் அளவுக்கு வெட்டிய பேப்பரைத் துணியின் மேல் வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டேன்.

கோடு போகிற இடமெல்லாம் துளைகள் இருந்தன.

கழுத்து வளைவில், கைக்குழியில், தொப்பியின் நடுத்தையலில், எல்லாவற்றிலும். சாக்பீஸ் கோடும் துளை வரிசையும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது ஓரத்தில் நிறையத் துணி விட்டு வைப்போம். துண்டுகள் கோணல்மாணலாகத் தெரிந்தது அதனால்தான். யாரோ ஒரு தாய், இதே வயதுப் பிள்ளைக்கு இதே மாதிரி கோட்டு தைத்திருக்கிறாள். இதில் என்ன இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் எலிக்குட்டிக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்வு. பிறந்ததிலிருந்து அப்படி. அவளுக்கு நான் எதை வெட்டினாலும் இடது தோளை ஒரு விரல் இறக்கித்தான் வெட்டுவேன்.

துளைகளும் அங்கே ஒரு விரல் இறங்கியிருந்தன.

அப்போதே சாக்கைக் கட்டி மேலே போட்டிருக்க வேண்டும். இவ்வளவு நல்ல துணியை எந்தத் தையல்காரிதான் விடுவாள்? மெஷினில் கொடுத்தேன். கெட்டித் துணியில் ஊசி இறங்கும்போது 'டப் டப்' என்று கேட்கும். அன்று அந்தச் சத்தமே இல்லை. ஊசி பழைய துளைகளிலேயே இறங்கி ஏறியது. நான் துணியைத் திருப்பவே இல்லை. அதுவே வளைவுகளில் திரும்பிக்கொண்டது.

பட்டன் டப்பாவைக் கவிழ்த்து எலிக்குட்டி ஐந்து பட்டன்களைப் பொறுக்கினாள். ஐந்தும் ஐந்து நிறம்.

அடுத்த நாள் நல்ல மழை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் எங்கள் தெருவுக்குப் பல வருடமாக வருகிறவர், வயதானவர். கோட்டைப் போட்டுக்கொண்டு குதித்து வந்தவளைப் பார்த்ததும் கதவைத் திறக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"இதை எங்க வாங்கினீங்கம்மா?"

"வாங்கல அண்ணா. நானே தைச்சது," என்றேன் பெருமையாக.

அவர் கதவைத் திறந்தார். அவளைத் தூக்கித் தன் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தவளின் கோட்டு வெளியே காய்ந்திருந்தது. கழற்றினால் உள்ளே சட்டை, பாவாடை, தலைமுடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மெழுகு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தேய்த்தேன்.

மறுநாள் மழை இல்லை, விடுமுறை. எலிக்குட்டி கோட்டைப் போட்டுக்கொண்டு நடையில் விளையாடினாள். நான் சமையலறையில் இருந்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயை இறுக்கி மூடினேன். சத்தம் நிற்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். நடையின் நடுவில் அவள் அசையாமல் நின்றிருந்தாள். தொப்பி போட்டிருந்தாள். கோட்டின் கீழ் ஓரத்திலிருந்து தண்ணீர் வடிந்து அவள் காலைச் சுற்றிக் குளமாக நின்றது.

"என்னடி இது? தண்ணியில விளையாடினியா?"

"இல்லம்மா." குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள மழை பெய்யுது."

தொப்பியைத் தள்ளினேன். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அழுகின இலை வாசனை, சாக்கடை வாசனை.

"பட்டனை யாரு போட்டது? உனக்குத்தான் மேல் பட்டன் போடத் தெரியாதே?"

"அவ போட்டா. அவ கோட்டாம். என்னையும் உள்ள இருக்கச் சொல்றா."

கோட்டை உருவி எடுத்து, அவள் கைக்கு எட்டாத உயரமான கொக்கியில் மாட்டினேன். அவளைத் துவட்டி, வேறு உடுப்பு மாட்டிவிட்டு நடைக்கு வந்தேன்.

கோட்டு கீழ்க் கொக்கியில் தொங்கியது.

ஐந்து பட்டனும் போட்டிருந்தது. கைகள் இரண்டும் உள்ளே ஆள் இருப்பதுபோல் லேசாக உப்பியிருந்தன.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேன்காரர் வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். எலிக்குட்டியைத் தன் மனைவியிடம் உள்ளே அனுப்பிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்.

"அந்த வீட்ல உன்னை மாதிரியே ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. அதுவும் தைக்கும். பாப்பாவுக்குக் குடைத்துணில கோட்டு தைச்சுப் போட்டுச்சு. ஒரு நாள் மழையில வேனுக்கு நிக்க வந்த பாப்பா, சாக்கடைப் பலகை ஒண்ணு பெயர்ந்து கிடந்தது தெரியாம..." நிறுத்தினார். "ரெண்டு நாள் தேடினோம். கடைசியில சாக்கடை முடியிற இடத்துக் கம்பித் தடுப்புல கோட்டு மட்டும் மாட்டியிருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"குழந்தை?"

"கோட்டு மட்டும்தான்மா. பட்டன் எல்லாம் போட்டபடி இருந்துச்சு. உள்ள ஆள் இல்ல. கழுத்து வழியா நழுவவும் முடியாது." கையைப் பிசைந்தார். "அந்தப் பொண்ணு கோட்டைத் தையல் தையலா பிரிச்சுது. புள்ளை உள்ளதான் இருக்குன்னு சொல்லிக்கிட்டே பிரிச்சுது. நீ எதுக்கும்மா அதை மறுபடி தைச்ச?"

வீட்டுக்கு வந்ததும் கோட்டைச் சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டிப் பரணில் வீசினேன். இருட்டியிருந்தது. கரும்பச்சைத் துணியில் கறுப்பு நூல். விளக்கு வெளிச்சத்தில் பிரித்தால் துணி கிழிந்துவிடும், காலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் துணி கிழியக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். கிண்டல் செய்யவில்லை. "காலையில எரிச்சிடலாம்," என்றார். ஆனால் அவருக்கு விடியற்காலை ஷிப்டு. நான் எழுந்தபோது அவர் போயிருந்தார். வானம் கறுத்து மழை கொட்டியது.

எலிக்குட்டி கட்டிலில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வேன்காரர் வீட்டுக் கதவில் நசுக்கிக்கொண்ட விரல். பிளாஸ்திரி ஒட்டினால் பிய்த்துவிடுவாள் என்று, டை துணியில் ஒரு நாடா கிழித்து, சுற்றி, அவிழாமல் இரண்டு தையலும் போட்டுவிட்டிருந்தேன். "இன்னைக்கு ஸ்கூல் வேணாம், இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் பின்பக்கம் போனேன்.

ஏணியோடு திரும்பி வந்தேன். பரணில் சாக்கு வாயைப் பிளந்து கிடந்தது.

கட்டில் காலி. முன்கதவு திறந்திருந்தது.

கேட்டருகே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பி போட்ட கோட்டு நின்றது.

"எலிக்குட்டி!"

திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

தோள் என் கையில் அமுங்கியது.

வெறும் துணி. தொப்பிக்குள் முகம் இல்லை. ஆனாலும் கோட்டு விழாமல் நின்றது. கழுத்து வழியாக உள்ளேயிருந்து மழைச் சத்தம் வந்தது. வெளியே பெய்கிற மழை இல்லை, வேறு மழை. அதற்கும் கீழே, கிணற்றின் அடியிலிருந்து கூப்பிடுவதுபோல்,

"அம்மா..."

பட்டனை இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. என் கழுத்தில் எப்போதும் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி தொங்கும். அதைப் பக்கத் தையலில் குத்திக் கிழித்தேன். தண்ணீர் குபுக்கென்று என் கால்களில் கொட்டியது. கிழிசலுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு, முழங்கை, தோள் வரை போனது. கோட்டின் மறுபக்கம் தட்டுப்படவில்லை. இருட்டும் குளிர்ந்த தண்ணீரும்தான் இருந்தன.

ஒரு சின்னக் கை என் கையைப் பிடித்தது.

இன்னொரு சின்னக் கையும் பிடித்தது.

இரண்டும் வலது கைகள்.

இரண்டும் ஒரே அளவு, ஒரே குளிர். எது என் பிள்ளை? விரல் விரலாகத் தடவினேன். ஒரு விரலில் துணி தட்டுப்பட்டது. நாடா. நான் போட்ட இரண்டு தையல். அந்த மணிக்கட்டைப் பிடித்து என் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். மற்றக் கை விடவில்லை. அதுவும் கூடவே ஏறி வந்தது.

"அம்மா," என்று கிழிசலுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கிசுகிசுத்தது. என் மகள் குரல் இல்லை.

அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினேன். அதுவும் ஒரு குழந்தைதான். எத்தனை நாளாக அந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ. தெரிந்துதான் உதறினேன். என் பிள்ளை வெளியே வந்து என் மடியில் விழுந்து இருமினாள்.

அந்த மழையிலேயே உட்கார்ந்து, துணி கிழிந்தாலும் பரவாயில்லை என்று கடைசித் தையல் வரை வெட்டித் தள்ளினேன். வேன்காரர் வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு இரவுகூடத் தங்கவில்லை.

மெஷினுக்கு உறை போட்டேன். பல மாதம் ஊசியைத் தொடவில்லை. கணவர்கூட ஒரு நாள், "கந்தல் கடை இல்லாம வீடு வீடாவே இல்ல," என்று ஏக்கமாகச் சொன்னார். எலிக்குட்டி நன்றாகத் தேறினாள். நாலு விரல் வளர்ந்துவிட்டாள். புதுச் சட்டை தைத்துக் கொடு என்று அவள் நச்சரிக்க, நேற்று அவளோடு கடைக்குப் போனேன். பழைய துணி, கழித்த துணி எதையும் தொடவில்லை. புது பீஸிலிருந்து என் கண் முன்னால் வெட்டித் தந்த மஞ்சள் பருத்தித் துணி.

இன்று மத்தியானம் உறையைக் கழற்றினேன். நல்ல வெயில். எலிக்குட்டியின் புது அளவுக்குப் பேப்பர் வெட்டி, துணியின் மேல் வைத்துக் கோடு போட்டேன். கோடு போன இடத்தில் ஒரு துளைகூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. பழக்கதோஷம், துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே, எல்லாப் பக்கமும் இரண்டு விரல் தள்ளி, வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. கழுத்து, கைக்குழி, ஒரு விரல் இறங்கிய இடது தோள். வளராத ஒரு குழந்தையின் அளவு.

புள்ளிகள் தரையில் விழுந்து ஒரு சின்னச் சட்டையாகக் கிடந்தன.

துணியைக் கீழே போட்டேன். ஜன்னலில் இப்போது எதுவும் இல்லை. முழு வெயிலும் உள்ளே விழுகிறது.

அந்தப் புள்ளிகள் மட்டும் தரையிலிருந்து போகவில்லை. இடது தோள் பக்கமிருந்து ஒவ்வொன்றாக நனைந்துகொண்டு வருகின்றன.