முதல் வால்வு

“நீங்க பாடுவீங்களா?”

“முன்னாடி பாடுவேன்க்கா.”

“இப்போ?”

“இப்போ பல் டாக்டர்கிட்ட போன் எடுக்கறேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆம்ப்ளிஃபயரை விற்கும் வீட்டு அக்கா சிரிக்கவில்லை. கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, “நல்லதாப் போச்சு. அந்த ஆம்ப் பக்கத்துல நின்னு மட்டும் பாடாதீங்க” என்றாள்.

குழாயடியில் நடந்த அந்த நாலு வார்த்தைப் பேச்சை அவள் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது நினைக்காத நாளில்லை.

அவள் கவனமெல்லாம் அப்போது முன்னறையில் இருந்தது. அங்கே அவள் கணவன், மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, பழைய ரேடியோ போல உள்ளே கண்ணாடி வால்வுகள் எரியும் அந்த ஆம்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிடாரும் கேபிளும் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தான். ஹோட்டல் மாடியில் சாயங்காலம் வாசிக்கிறவனுக்குச் சின்ன ஆம்ப்தான் சரி என்பது அவன் கட்சி. பெரிசு வாங்கினால் சத்தத்தை முழுசாகத் திறந்து வாசிக்க முடியாது, திறக்காவிட்டால் வால்வு இனிக்காது. பின்பக்கம் மூக்கை வைத்துக் கருகல் வாசனை பார்த்தான். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவினான். கடைசியில் பென்சில் முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். பெரிய வால்வுகள் வெறும் கண்ணாடியாக நின்றன. சின்னவை இரண்டும் தகர மூடிக்குள் இருந்தன.

முதல் மூடியைத் தட்டியதும் ஸ்பீக்கரில் ‘ணங்’ என்றது.

“பாத்தியா, இதுக்குக் காது இருக்கு” என்று அவன் சந்தோஷப்பட்டான். “கிடார் கம்பியிலேருந்து வர்றது முதல்ல இந்த வால்வுக்குத்தான் போகும். பழசானா வெளிச் சத்தமும் இதுக்குக் கேக்கும்.”

அறை மூலையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அப்போதுதான் இருமினார். தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டார். வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூடியைக் கழற்றப் போனவனை அந்த அக்கா ஓடி வந்து தடுத்தாள். “துருப்பிடிச்சிருக்கு தம்பி, கண்ணாடியோட கையில வந்துடும்.”

இரண்டாவது மூடி மைக் சொருகும் பக்கத்துக்கானது. தட்டினால் சத்தமே இல்லை.

“மைக் பக்கம் செத்துக் கெடக்கு” என்றான் அவன். “போகட்டும். நமக்கு எதுக்கு மைக்?”

அவளுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை முகத்தில் காட்டாமல் இருக்கும் வித்தை இத்தனை வருஷத்தில் கைவந்திருந்தது. ஒரே குழுவில் அவன் கிடார், அவள் பாட்டு. அப்படித்தான் காதலித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவளை எல்லோர் முன்னாலும் ‘மேடம்’ என்று கூப்பிட்டுக் கேலி செய்வான். ஒருநாள் குழுவின் முதலாளி, இனிமேல் சின்ன வயசுப் பாடகி போதும் என்றார். அவன் கிடார் கம்பியைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றான். அன்றோடு ‘மேடம்’ நின்றுபோயிற்று. நீ வா, என்னோடு பாடு என்று அவன் ஒருமுறை கூப்பிட்டால் போதும், அவள் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டுப் போயிருப்பாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிடு என்று அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன கூப்பிடுதல்?

ஆம்பைத் தூக்கும்போது அந்த மனிதர் எழுந்து வந்தார். முன்பக்கத் துணியில் காதை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். நெடுநேரம். அவர் மனைவி முழங்கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

“பொண்டாட்டியக்கூட அப்படிக் கட்டிப் பிடிச்சிருக்க மாட்டாரு” என்று திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அந்த ஆம்ப் முன்னறை ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு இரண்டு சுவிட்ச். முதலாவதைப் போட்டால் வால்வு சூடாகும். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதைப் போட வேண்டும், அவசரப்பட்டால் வால்வின் ஆயுள் குறையும். அந்தக் காத்திருப்பில் சூடான தூசியும் பழைய மரமும் கலந்த ஒரு மணம் மெதுவாக அறையை நிறைக்கும், கண்ணாடிக்குள் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று கண் விழிப்பது போல வளரும், அவன் அதன் தலையைத் தட்டிக் கொடுத்து, குனிந்து, அன்றைக்கு வாசிக்கப் போகும் பாட்டின் முதல் வரியை அதற்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பான். பிறகு, “போலாமா ராஜா?” என்பான். வேறு யார் செய்வார்கள் இந்தக் கோமாளித்தனத்தை? முணுமுணுத்துச் சுருதி பார்ப்பது அவனுடைய பழைய பழக்கம். முன்பெல்லாம் அவள் காதில்தான் முணுமுணுப்பான்.

சாயங்காலங்களில் அதை ஹோட்டலுக்குத் தூக்கிப் போனதிலிருந்து அங்கே அவன் வாசிப்புக்கு மவுசு கூடிற்று. சாப்பிட வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கிடார் பேசுகிறது என்றார்கள்.

அவன்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். முதலில் தொண்டைக் கட்டு என்றான். பிறகு சைகை காட்டினான். தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, குழாய் விட்டுப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். பல் டாக்டர் அறைக் கதவு வழியே நாள் முழுக்கத் திறந்த வாய்களைப் பார்த்துப் பழகியவள்தான் அவள். ஆனாலும் அன்றைக்கு அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தவள் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே ஈரமே இல்லை.

ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கீழேயிருந்து அவன் வாசிப்பது கேட்டது. ஒரு ஸ்வரத்தை நீட்டி வளைத்து நிறுத்தினான். அதற்கு முன்னால், மிகச் சின்னதாக, ஒரு செருமல்.

அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். பொய் சொல்வதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் தொண்டையைச் சரிசெய்துகொள்வான். ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு முன்னால். ‘நண்பன் வீட்டுக்குத்தான் போனேன்’ என்பதற்கு முன்னால். கல்யாணமான புதிதில் அதைக் கண்டுபிடித்துவிட்டு எவ்வளவு சிரித்திருப்பாள்.

துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். அவன் கிடாரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கேபிள் தரையில் கிடந்தது. துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் இன்னொருமுறை செருமிற்று.

மறுநாளே ரிப்பேர்க்கார நண்பரை வரவழைத்தாள். விரலெல்லாம் ஒயரைப் பற்றவைக்கும் ஈயத்தின் வாசனை அடிப்பதால் அவருக்குப் பெயரே ‘ஈயம்’ ஆகிவிட்டது.

“தங்கச்சி, வால்வுன்னா கொஞ்சம் இருமும், தும்மும். இதுக்கெல்லாம் பயந்தா எப்படி? முதல் வால்வை மாத்திட்டா தீர்ந்துது” என்று சிரித்துக்கொண்டே பின்பலகையைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவரால் முதல் தகர மூடியைத் தட்டினார்.

‘ணங்.’

படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் மூச்சு முட்டி இருமினான்.

ஈயம் மறுபடி தட்டினார். மறுபடி இருமல்.

அவர் சிரிப்பு நின்றது. மூடியை மெல்லத் திருகினார். துருவெல்லாம் இல்லை, வழவழவென்று கழன்று வந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. வால்வு சொருகும் சாக்கெட்டின் சின்ன ஓட்டைகள் மட்டும் வட்டமாக, காலியாக.

“இது இல்லாம சத்தமே வரக்கூடாதும்மா” என்றார் அவர். இரண்டாவது மூடியையும் கழற்றினார். அதுவும் காலி.

“புது வால்வைப் போட்டுப் பாருங்கண்ணே.”

பையிலிருந்து ஒன்றை எடுத்தார். சாக்கெட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே இருந்து ஏதோ தொண்டை அடைபடுகிற சத்தம். ஆம்பிலிருந்தா, படுக்கையறையிலிருந்தா என்று சொல்ல முடியவில்லை. இரண்டிலிருந்தும்தான். அவர் வால்வைப் பிடுங்கிக்கொண்டார். அவர் விரல் நுனி நனைந்திருந்தது. வெதுவெதுப்பான ஈரம். எச்சில் மாதிரி.

மூடிகளை அவசரமாகத் திரும்ப வைத்தார். ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அவள் அந்த அக்காவுக்குப் போன் செய்தாள்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசணும்க்கா. அவர்கிட்ட போனைக் குடுங்க.”

மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடியது. “அவர் பேச மாட்டாரும்மா.”

“கூச்சமா?”

“குரல் இல்ல.”

“தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டினீங்களா?”

“பாவிதான் நான்” என்றாள் அக்கா. “வித்துட்டா குரல் திரும்பி வந்துடும்னு நெனைச்சேன். வரல. அது எங்க இருக்கோ அங்கேயேதான் இருக்கு. அவரு இப்போ சுவத்துல காது வெச்சுக்கிட்டு நிக்கறாரும்மா. நாள் பூரா.” குழாயை மூடிவிட்டு, “உடைச்சு கிடைச்சு வெச்சுடாதீங்க. உள்ள எங்க வீட்டுக்காரரும் இருக்காரு” என்றாள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு என்பதே இல்லை. அவள் கேள்வி கேட்பாள், அவன் உதட்டை அசைப்பான். முன்னறையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். பாத்திரம் தேய்க்கும்போது தன்னையறியாமல் வாயில் வரும் பாட்டைக் கடித்து விழுங்கினாள். முன்பு கூப்பிடவில்லையே என்று ஏங்கியவள், இப்போது அவன் உதடு அசைந்தாலே பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூரைக் குழாயிலிருந்து சொட்டுகிற நீரின் சத்தமும், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தமும், ஃப்ரிட்ஜின் ஓயாத உறுமலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. சட்டென்று உறுமல் நின்றது. கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் இருட்டியது.

சமையலறையில் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். சூடான தூசியின் மணம் வந்தது. பழைய மரத்தின் மணம்.

நடைவழியில் ஆரஞ்சு வெளிச்சம் படிந்திருந்தது.

“நீயா?” என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் எப்படிப் பதில் சொல்வான்?

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓடிப்போயிருக்கலாம். வாசல் கதவு அந்த அறையைத் தாண்டித்தான் இருந்தது. அதுவும் ஒரு சாக்குத்தான். உள்ளே இருப்பது அவளுடையவன்.

ஆம்பின் ஒயர் சுருட்டி மேலேயே வைத்திருந்தது. எதிலும் சொருகவில்லை. ஆனாலும் எரிந்தது. அவன் தரையில் மண்டியிட்டு, துணியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. அழுதது.

வாய் திறந்திருந்தது.

தொண்டையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று. வளர்ந்தது. மங்கியது. வளர்ந்தது.

“வா, எழுந்துரு” என்றாள். “எழுந்துருப்பா. எங்கேயாவது போயிடலாம்.”

அவன் உதடு அசைந்தது. வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. துணிக்குப் பின்னால் யாரோ மூச்சிழுத்தார்கள். ஒருவர் இல்லை. பலர். சபையில் பாட்டு தொடங்கும் முன் எல்லோரும் சேர்ந்து இழுப்பது போல.

பின்பலகை இடுக்கில் இரண்டாவது மூடி தெரிந்தது. செத்துக் கிடந்த மைக் பக்கம். அதன் அடியில் ஒரு கீற்று வெளிச்சம்.

அவள் தொண்டை சுட்டது. கையை வைத்துப் பார்த்தாள். வெளித்தோல் சில்லென்று இருந்தது. சூடு உள்ளே.

அவள் செருமலுக்காகக் காத்திருந்தாள். அந்தச் சின்னச் செருமல். பொய் என்று காட்டிக்கொடுப்பது. அது மட்டும் வந்துவிட்டால் போதும், தப்பித்துவிடலாம்.

வரவில்லை.

விலா எலும்புகள் தாமாக விரிந்தன. பாடுவதற்கு முன் விரிவது போல. வேண்டாம் என்று நினைத்தாள். மூச்சு கேட்கவில்லை, அடிவயிறு வரை இறங்கி நிறைந்து நின்றது.

அவன் உதடு அசைய, ஆம்ப் பேசியது. அவன் குரல். இருபது வயதில் அவள் காதோரம் முணுமுணுத்த அதே குரல், ஒரு பிசிறும் இல்லாமல்.

“மேடம்… நீயும் வா. என்கூடப் பாடு.”