பன்னிரண்டு வோல்ட் வழிப்பறி

"நான் பாதி ஆட்டத்துல ஓடிப்போறவளாம். மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க" என்றபடி மின்சாதனப் பழுது பார்க்கும் கடைக்குள் வந்து உட்கார்ந்தார் அந்த அம்மாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கும்போதும் அவருடைய விரல்கள் மேஜைமேல் தட்டிக்கொண்டே இருந்தன.

அந்த விரல் வேகத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை அவரைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இழுத்துவிட்டாராம். மாமியாரும் மருமகனும் ஒரே அணி. மூன்றாவது ஆள் கேப்டன், வெளியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். சில வாரங்களாக ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத் தட்டச்சம்மாவின் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. இன்று மாலையும் அப்படி நடந்தால் அணியில் இடமில்லை என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூணு மெக்கானிக் வந்து பாத்தாச்சு. பவர் சப்ளையையே புதுசா மாத்தியாச்சு. அவங்க இருக்கிறவரைக்கும் நல்ல பிள்ளையா ஓடுது. அவங்க படியிறங்கினதும் வேதாளம் முருங்கை மரம் ஏறிடுது."

கடைக்காரி தலையசைத்தாள். தெருவுக்கே அவள் மீட்டரம்மா. கையில் வோல்ட் மீட்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கணவர் காப்பீட்டு வேலையை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டவர். கருவிப் பையைத் தூக்குவது அவர் வேலை, சந்தேகப்படுவது அவர் ஆசை.

"அணையறதுக்கு முன்னாடி திரையில ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள் மீட்டரம்மா.

"ஓரத்துல வோல்ட் கணக்கு தெரியற மாதிரி மாப்பிள்ளை வச்சிருக்கார். பன்னிரண்டுல நிக்கணுமாம். அணையற நேரத்துல பதினொண்ணுக்கு இறங்கிடுது."

"இது எப்போலேருந்து?"

"என் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டார். அதுக்கப்புறம்தான்."

கணவரின் கண்கள் பளிச்சிட்டன. தட்டச்சம்மாவின் வீட்டுக்குப் போகிற வழியில் மனைவியின் காதைக் கடித்தார். "மாப்பிள்ளைதான் ஆள். மாமியாரை அணியிலேருந்து கழட்டிவிடப் பாக்கறார்."

"கழட்டிவிடறவர் எதுக்குங்க காசு போட்டுப் பரிசு வாங்கித் தரணும்?"

"அதான் சூது" என்றார் அவர்.

மாடி அறையில், மேஜைமேல் கம்ப்யூட்டர் நின்றது. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. உள்ளே வயர்கள் வாரிப் பின்னிய சடைபோல ஒழுங்காக ஓடின. மீட்டரம்மா சற்று நேரம் அதையே ரசித்துப் பார்த்தாள்.

"யார் கட்டினது?"

"நான்தாங்க" என்றார் மாப்பிள்ளை, கூச்சத்துடன்.

"இவ்வளவு நேர்த்தி எனக்குக்கூட வராது."

கண்ணாடியைக் கழற்றினாள். அதன் உட்புறத்தில் நக நீளத்துக்கு ஒரு தேய்ந்த கோடு. கணவரும் பார்த்தார். துடைத்த தடம் என்று விட்டுவிட்டார். அவள் கார்டில் வயர் சேரும் இடத்தில் குனிந்து முகர்ந்தாள். பிறகு இரண்டு மீட்டர்களை எடுத்து, ஒன்றைச் சப்ளையில் வயர் தொடங்கும் இடத்திலும், மற்றொன்றைக் கார்டில் வயர் முடியும் இடத்திலும் மாட்டினாள். தட்டச்சம்மா ஆடத் தொடங்கினார். வெகுநேரம் ஆகியும் இரண்டு மீட்டரும் பன்னிரண்டைவிட்டு அசையவில்லை.

"சுவர் பிளக்குல கோளாறோ?" என்றார் கணவர்.

"அப்படின்னா இப்பவும் அணைஞ்சிருக்கணுமே." அவள் தட்டச்சம்மாவிடம் திரும்பினாள். "வந்த மெக்கானிக்குங்க முதல்ல என்ன பண்ணாங்க?"

"கதவைக் கழட்டினாங்க."

"கடைசியா?"

"மாட்டிட்டுப் போனாங்க."

மீட்டரம்மா மீட்டர் வயர்களைப் பின்பக்க இடுக்கு வழியாக வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவை அழுத்தி மாட்டினாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. சப்ளைப் பக்கத்து மீட்டர் பன்னிரண்டிலேயே நின்றது. கார்டுப் பக்கத்து எண் மட்டும் மெல்லச் சரிந்தது. பதினொன்றரை. பதினொன்று. திரை இருண்டது.

"கேப்டனைக் கூப்பிடுங்க, அவங்களும் கேக்கட்டும்" என்றாள் மீட்டரம்மா. மாப்பிள்ளை போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"சப்ளைமேல குத்தமில்லை. முழுப் பன்னிரண்டையும்தான் அனுப்புது. நடந்தது வழிப்பறி" என்று ஆரம்பித்தாள் அவள். "புதுக் கார்டு பழசைவிட அகலம். கதவை மூடினா கண்ணாடி வயரோட தலையை அழுத்துது, பிடிப்பு தளர்ந்துடுது. கண்ணாடியில இருக்கற தேய்ப்பு அதனாலதான். ஆட்டம் சூடானா கார்டு அதிகமா மின்சாரம் இழுக்கும். தளர்ந்த இடத்துல பாதி வழியிலேயே வோல்ட் பறிபோகும், பிளாஸ்டிக்கும் கருகும். மெக்கானிக் கதவைத் திறந்ததும் வயர் நிமிர்ந்துக்கும். எல்லாரும் பழுதை வெளியே அனுப்பிட்டுத்தான் பழுதைத் தேடியிருக்காங்க."

வயரைப் பிடுங்கிக் காட்டினாள். அதன் தலையில் ஒரு துளையின் விளிம்பு பழுப்பேறியிருந்தது.

கூட வாழ்கிற ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் கணவர் அவளைப் பார்த்தார். அதே கோட்டைத் தானும் பார்த்தது நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "நான் அளந்து வாங்கியிருக்கணும், அத்தை."

"நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை? கம்ப்யூட்டர் பெட்டி செஞ்சவன் இடம் விடாத கஞ்சப் பிசினாறி" என்றார் தட்டச்சம்மா, சட்டென்று.

போனில் கேப்டன் தொண்டையைச் செருமினார். "நான் பேசினது தப்புங்கம்மா. சாயந்திரம் வந்துடுங்க."

சப்ளையோடு வந்த உபரி வயர் மாப்பிள்ளையிடம் இருந்தது. கார்டில் வயர் செருகும் இடம் கருகவில்லை என்று பார்த்துவிட்டு மீட்டரம்மா அந்த வயரை மாட்டினாள். அகலமான பெட்டி வாங்கும்வரை கதவைச் சுவரோரம் சாய்த்துவைக்கச் சொன்னாள். கிளம்ப வேண்டியவர்கள் கிளம்பவில்லை. மாலை ஆட்டத்தைப் பார்க்காமல் போக அவள் கணவருக்கு மனமில்லை.

ஆட்டம் இழுபறியாகப் போனது. தட்டச்சம்மாவின் விரல்கள் விசைப்பலகையில் மழைபோல் பொழிந்தன. ஓரத்து எண் பன்னிரண்டிலேயே நின்றது. திரையில் கேப்டன் வீழ்ந்தார், மாப்பிள்ளை வீழ்ந்தார். எதிரணியில் மூன்று பேருக்கு எதிராகத் தட்டச்சம்மா தனியாக நின்று இரண்டு பேரைச் சாய்த்தார். மூன்றாவது ஆள் அவரைச் சாய்த்தான்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் ஆடித் தோத்துட்டோம் மாப்பிள்ளை" என்றார், கல்யாணச் சேதி சொல்வதுபோல.